பதினாறு பதினாறாக

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அலுவலகத்தில் யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. முதலில் கஞ்சன் என்றார்கள். தலை நரைத்து, பதவியும் கொஞ்சம் ஏறியதும், மரியாதை குறையக்கூடாதே என்று ஓர் ‘ஆர்’ சேர்த்துக் கஞ்சனார் ஆக்கிவிட்டார்கள். காசில் கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுப்பதில் அவர் கை தாராளம்தான். கம்ப்யூட்டரின் மெமரி விஷயத்தில் மட்டும் மனுஷர் கிள்ளித்தான் கொடுப்பார், அள்ள மாட்டார்.

அது ஆற்றின் வெள்ளத்தைக் கண்காணிக்கும் அலுவலகம். மலைமேல் அங்கங்கே வைத்திருக்கும் மழைமானிகளிலிருந்து எண்கள் வரும். அவற்றை வாங்கிக் கணக்குப் போட்டு, ஆற்றோரத்துத் தாழ்ந்த தெருக்களுக்குத் தண்ணீர் எவ்வளவு வரும், எப்போது வரும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்தக் கணக்கைப் போடும் புள்ளியியல் லைப்ரரியை, அதாவது புரோகிராம் தொகுப்பை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவர் கஞ்சனார்தான். அதன் மேல் ஒரு தூசு விழ விடமாட்டார்.

சி மொழி செல்லம் கொடுத்து வளர்க்கிற ரகம் இல்லை. எண்களை வரிசையாக அடுக்க வேண்டுமென்றால் எத்தனை எண்ணுக்கு இடம் என்று நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். வரிசை நிரம்பிவிட்டால் நாம்தான் வேறு பெரிய இடமாகப் பார்த்து, இருக்கிறதையெல்லாம் அங்கே கொண்டுபோய் வைத்து, பழையதைக் காலி பண்ண வேண்டும். கிட்டத்தட்ட வாடகை வீடு மாறுகிற கதை. அலைச்சலுக்குப் பயந்த யாரும் மாறுவதுதான் மாறுகிறோம் என்று கொஞ்சம் பெரிய வீடாகவே பார்ப்பார்கள். புரோகிராம் எழுதுகிறவர்களும் நிரம்பியதைப்போல இரண்டு மடங்கு கேட்டு வாங்கிவிடுவார்கள். கஞ்சனார் கேட்பது பதினாறு எண்ணுக்கான கூடுதல் இடம். அதுவும் நிரம்பினால் இன்னொரு பதினாறு. ஒவ்வொரு பதினாறுக்கும் மூட்டைமுடிச்சு மொத்தமும் மறுபடி ஊர்வலம் போகும்.

அவர் ஒன்றும் விவரம் தெரியாமல் செய்யவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உள்ளங்கை அகல மிஷின்களுக்குப் புரோகிராம் எழுதியவர். மெமரி தீர்ந்துபோய் மிஷின் செத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்து, திட்டும் வாங்கியவர். அந்தச் சூடு ஆறவே இல்லை. அலுவலகத்துக்குப் பெரிய மிஷின் வந்து, அதில் மெமரி கேட்பாரற்றுக் கிடந்த பிறகும் அவர் கை மட்டும் விரியவில்லை.

புதுசு ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். புதுசு என்பது அவருக்கு அடுத்தபடி வேலை பார்த்த பெண். சேர்ந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அவளுக்குப் பிறகு யாரையும் எடுக்காததால் இன்னும் புதுசாகவே இருந்தாள். “சார், இந்த ஒரு வரியில பதினாறைக் கூட்டறதுக்குப் பதிலா ரெண்டால பெருக்கிடலாமே” என்றாள், எல்லோரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில்.

“பெருக்கிட்டு? பாதி இடம் சும்மா கிடக்கும்” என்றார் கஞ்சனார். “வராத விருந்தாளிக்கு எதுக்கும்மா இன்னிக்கே பாய் விரிக்கணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சிரித்தவர்களில் ஒருவராவது அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

அந்த மழைமானிகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். உள்ளே ஒரு குட்டித் தொட்டி இருக்கும். மழை விழுந்து அது நிரம்பினால் சாய்ந்து கொட்டிவிட்டு மறுபடி நிமிரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஓர் எண் வந்து சேரும். தூறலென்றால் எண் எப்போதாவது வரும். கொட்டினால் எண்ணும் கொட்டும். அதாவது எந்த நாளில் பதில் அவசரமாக வேண்டுமோ அந்த நாளில்தான் வரிசை மளமளவென்று நீளும். லைப்ரரி எழுதப்பட்ட பிறகு வந்ததெல்லாம் ஏமாற்றிவிட்டுப் போன மழைகள். அதனால் பதினாறு பதினாறாக வளர்வதில் யாருக்கும் எந்த வலியும் தெரியவில்லை.

கஞ்சனாருக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் அக்கா. அப்பா அம்மா போன பிறகு அவரைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அவள்தான். அக்காவும் அத்தானும் ஆற்றோரத்துத் தாழ்ந்த தெரு ஒன்றில் இருந்தார்கள். அத்தான் ஆஜானுபாகுவான ஆள், வாயைத் திறந்தால் கிண்டல். “என் மச்சான் கல்யாணமே பண்ணிக்கல, அதுலயும் இடத்தை மிச்சம் பிடிக்கிறான்” என்பார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகும் வாய் மட்டும் படுக்கவில்லை. ஆனால் அவரைக் கட்டிலிலிருந்து தூக்க நாலு ஆள் வேண்டும்.

போன மழையில் ஒரு கூத்து நடந்தது. கணக்கு முடிவதற்குள்ளேயே ஆற்றைப் பார்த்து மிரண்டுபோன பொறுப்பதிகாரி அபாயச் சங்கை ஊதச் சொல்லிவிட்டார். தெருவே அலறிப் புடைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. படிக்கட்டு நெரிசலில் ஒரு பெண் மிதிபட்டுச் செத்தாள். தண்ணீரோ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு மழையில் நனைய நனையத் தூக்கிக்கொண்டு போனதில் அத்தானுக்கு நெஞ்சில் சளி கட்டி, பிழைத்து வந்ததே பெரிய காரியமாகிவிட்டது.

அதிகாரி மாற்றலாகிப் போனார். வெள்ளத்தின் அளவைப் புரோகிராம் எண்ணாகச் சொல்லாமல் யாரும் சங்கில் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. அக்காவும் தன் பங்குக்கு ஓர் உத்தரவு போட்டாள்.

“இனிமே யாரு என்ன கத்தினாலும் நான் அவரை அசைக்க மாட்டேன். உன் கணக்கு சொல்லணும், நீ போன் பண்ணணும். அப்பத்தான் கிளம்புவேன்.”

“நான் பண்றேன் அக்கா. எண் வந்ததும் முதல் போன் உனக்குத்தான்” என்று வாக்குக் கொடுத்தார் கஞ்சனார். உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

இந்தத் தடவை மழை ஏமாற்றவில்லை. விடிந்ததிலிருந்தே ஊற்றியது. அலுவலகத்தின் ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மலைமேல் தொட்டிகள் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. எண்கள் வந்து குவிந்தன. திரையில் ‘கணக்கு நடக்கிறது’ என்று ஒரு வரி வந்து அப்படியே நின்றது.

முதலில் யாரும் கவலைப்படவில்லை. கஞ்சனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புது அதிகாரி வந்து எட்டிப் பார்த்தார். ஒல்லியான மனிதர். பழையவருக்கு நேர்ந்த கதி மனதில் இருந்ததால் சங்கின் பொத்தான் இருந்த மேசைப் பக்கமே போகவில்லை.

“என்ன சார், எண் வந்துச்சா?”

“வந்துடும்.”

அக்காவின் போன் வந்தது. “தம்பி, மழை பயமா இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் கிளம்பலாமான்னு பேசிக்கறாங்க. வண்டியும் நிக்குது. நான் என்ன பண்ண?”

கிளம்பு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. உடனே போன மழையும் ஆஸ்பத்திரியில் அத்தான் மூச்சுக்குத் திணறியதும் கண்முன் வந்து நின்றன. இந்த மழையில் ஒன்றுமில்லாததற்குத் தூக்கிக்கொண்டு போய், இன்னொரு தடவை சளி கட்டினால் அத்தான் தாங்க மாட்டார். “இரு அக்கா. இதோ சொல்லிடும். சொன்னதும் கூப்பிடறேன்.”

“சரிப்பா. நீ கூப்பிடு.” அவள் குரலில் பாரம் இறங்கியது தெரிந்தது.

புதுசுதான் முதலில் கண்டுபிடித்தாள். மிஷின் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தன் திரையில் பார்த்தவளுக்கு முகம் மாறிவிட்டது. “சார், இங்க பாருங்க. கணக்கே போடல. காப்பிதான் பண்ணிட்டிருக்கு. பதினாறு எண் வந்தா மொத்த வரிசையையும் தூக்கி வேற இடத்துல வைக்குது. வச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த பதினாறு வந்து நிக்குது.”

கஞ்சனார் பார்த்தார். அவருக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. தான் எழுதிய வரி, தனக்குத் தெரியாதா? வரிசை நீள நீளத் தூக்க வேண்டிய சுமையும் கூடும். லட்சக்கணக்கான எண்களை, பதினாறே பதினாறு புது எண்களுக்காக, மறுபடி மறுபடி தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது மிஷின். போதாக்குறைக்கு, காலி பண்ணிய இடத்தை ஒவ்வொரு தடவையும் பூஜ்யம் போட்டுத் துடைத்துவிட்டு வரும்படி எழுதியிருந்தார். சுத்தத்திலும் அவரை மிஞ்ச ஆளில்லை.

“நிறுத்திடலாம் சார்” என்றாள் புதுசு. “வந்த எண் எல்லாம் டிஸ்க்குல பத்திரமா இருக்கு. ஒரு வரியை மாத்திட்டுத் திரும்ப ஓட விட்டா போதும்.”

“இவ்வளவு தூரம் வந்துட்டு இப்ப நிறுத்தினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

“ஆரம்பிச்சாலும் சீக்கிரம் முடிஞ்சிடும் சார்.”

“நீ சொல்லிடுவே. மழை நாள்ல ஓடிட்டிருக்கற புரோகிராம்ல கை வைக்கறதா? எங்கயாவது தப்பாகி எண் மாறிப்போனா யாரு பதில் சொல்றது? கொஞ்சம்தான் பாக்கி இருக்கும். பொறு.”

கோபம் வராமல் இந்த இடத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவருக்குத் தெரியும். அவள் சொல்வதுதான் சரி என்று அடிவயிற்றில் தெரியும். ஆனால் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சிரித்துத் தள்ளிய விஷயத்தை, மழை பெய்கிறது என்பதற்காக ஒரு நிமிஷத்தில் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. கணக்கு தானாக முடிந்துவிட்டால் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை, யாரும் எதையும் ஒத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. அந்த ஆசையில் மனுஷர் கையைக் கட்டிக்கொண்டு திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி இன்னும் இரண்டு தடவை வந்துபோனார். “சார், ஊதிடலாமா?” என்று கேட்டார். அப்புறம் அவரே “வேண்டாம், எண் வரட்டும்” என்று சொல்லிக்கொண்டார்.

அக்கா மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை பின்னால் ஆட்களின் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுமை இல்லாமல் கிளம்பிப் போய்விட்டார்களாம். “அந்த வண்டியும் போயிடுச்சு தம்பி. பரவால்ல. நீ சொன்னா வேற யாரையாவது பிடிச்சுக்கறேன். உங்க அத்தான் கேக்கறாரு, உன் மிஷின் தூங்குதான்னு.”

“இல்லக்கா, ஓடிட்டுத்தான் இருக்கு.”

“அப்ப சரி.”

கஞ்சனார் போனை வைத்தார். புதுசு அவரைப் பார்க்கவில்லை. தன் திரையில் அந்த ஒரு வரியைத் திறந்து வைத்துக்கொண்டு, விரலை விசைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கஞ்சனார் எழுந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். வெகு நேரம் நின்றார். கடைசியில், “மாத்து” என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் மலைமேல் எத்தனை தொட்டிகள் சாய்ந்தனவோ.

அவள் கூட்டல் குறியை அழித்துப் பெருக்கல் குறி போட்டாள். பதினாறை அழித்து இரண்டு போட்டாள். நிறுத்தினாள், புரோகிராமை மிஷினுக்குப் புரியும்படி மறுபடி தயார் பண்ணினாள், ஓட விட்டாள்.

விரல் சொடுக்குகிற நேரம்கூட ஆகவில்லை. காலையிலிருந்து குவிந்த எண்கள் அத்தனையும் உள்ளே போய் உட்கார்ந்தன. கணக்கு முடிந்தது. சிவப்பு எழுத்தில் எண் வந்தது. தாழ்ந்த தெருக்களில் ஆள் உயரத்துக்குமேல் தண்ணீர். அதற்குப் பக்கத்தில் அது வந்து சேரும் நேரம். கஞ்சனார் அந்த நேரத்தைப் படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார். அந்த நேரம் ஏற்கெனவே கடந்துபோயிருந்தது.

அதிகாரி ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினார். சங்கு அலறியது. கஞ்சனார் அக்காவின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அழுத்தினார். அதற்குப் பிறகு மணிகூட அடிக்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு விசாரிக்க மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சேறு எந்த உயரம் வரை சுவரில் படிந்திருக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். புரோகிராம் சொன்ன உயரமும் சுவரில் இருந்த உயரமும் அச்சாகப் பொருந்தின. “கணக்கு ரொம்பத் துல்லியம்” என்று ஒருவர் கஞ்சனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாமதத்துக்குக் காரணம் மழையின் அளவு என்று முடிவாயிற்று. புதுசு வாயைத் திறக்கப் போனாள். கஞ்சனாரின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். தானே சொல்லிவிடலாம் என்று அவரும் நினைத்தார். கையைக் குலுக்கியவர்கள் அதற்குள் காரில் ஏறிவிட்டார்கள்.

அக்கா பிழைத்துவிட்டாள். தப்பியவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் விரிப்புகள் போட்டிருந்தார்கள். யாரோ கொடுத்த தொளதொள ஆண் சட்டையில், கரும்பலகைக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கைகளிலும் கட்டுப் போட்டிருந்தது. அத்தானைத் தூக்க முடியாமல் கட்டிலோடு சேர்த்து இழுத்துப் பார்த்திருக்கிறாள். யாரோ அவளை மட்டும் ஜன்னல் வழியாகப் பக்கத்து மாடிக்கு இழுத்துக்கொண்டார்கள்.

கஞ்சனார் அவளருகே தரையில் உட்கார்ந்தார். அழ வேண்டும் என்று வந்தவர்தான். அழுகை வரவில்லை. அவள் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் வந்திருக்கும். அவளோ கட்டுப் போட்ட கையால் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாம் என்னாலதான் தம்பி” என்றாள்.

“அக்கா…”

“இரு, சொல்ல விடு. யார்கிட்டயும் சொல்லல. தெருவுல தண்ணி வந்ததை நான் கண்ணால பார்த்தேன். வாசல் வரைக்கும் வந்துடுச்சு. அவரும் படுத்துக்கிட்டே கேட்டாரு, என்னடி சத்தம் கேக்குதுன்னு. தம்பி இன்னும் கூப்பிடலையே, அப்ப இது ஆத்துத் தண்ணி இல்ல, சாக்கடை அடைச்சுக்கிட்டிருக்கும், நீங்க தூங்குங்கன்னு சொன்னேன். அவரும் சரின்னு கண்ணை மூடிக்கிட்டாரு. என் பேச்சைக் கேட்டுத்தான் கண்ணை மூடினாரு. கண்ணால பார்த்தும் எனக்குப் புத்தி வரலையே.”

பேசாமல் இருந்துவிட்டால் அவள் இதைச் சாகும்வரை சுமப்பாள். பேசினால் உலகத்தில் இருக்கும் ஒரே சொந்தமும் கைவிட்டுப் போய்விடும். கஞ்சனார் சொல்லிவிட்டார். வரிசையைப் பற்றி, பதினாறைப் பற்றி, மிஷின் காலையிலிருந்து தூக்கித் தூக்கி இறக்கியதைப் பற்றி, புதுசு கெஞ்சியதைப் பற்றி, ஒரு வரியை மாற்றியதும் கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்ததைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் புரியாமல் போகிற விஷயமில்லை இது.

“அவ்வளவு கொஞ்சம் கொஞ்சமா எதுக்குக் கேட்டே?” என்றாள். “மிஷின்ல இடம் இல்லையா?”

“இருந்துச்சு அக்கா.”

“எவ்வளவு இருந்துச்சு?”

“பாதிக்கு மேல காலியாத்தான் கிடந்துச்சு.”

அக்கா அவரையே பார்த்தாள். கோபம்கூட இல்லை, ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிடமாட்டானா என்கிற மாதிரிதான் பார்த்தாள்.

“யாருக்காகப்பா எடுத்து வச்சே?” என்றாள்.

அவர் விரிப்பின் மடங்கிய ஓரத்தை இழுத்து நேராக்கினார். அக்கா தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.